பேனட் திறக்காமல் பார்த்த கார்

வடக்குத்து,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சின்னதுரை மாமாவுக்கு,

இசைப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ஓசூர்க் குளிரில் நீங்களும் அத்தையும் ஹரிணியும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. புத்திக்குத்தான் ஒரு வாரமாக ஏதோ ஆகியிருக்கிறது. போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். நான் போனை எடுத்தாலே அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்வார். நீங்களோ ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு "உம், உம்" என்பீர்கள். தவிர, எனக்கு வாய் திறப்பதைவிட எழுதுவதுதான் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

வரும் முப்பத்தொன்றாம் தேதி அப்பா மைன்ஸில் ரிட்டையர் ஆகிறார். அன்றைக்கு கேட்டை விட்டு வெளியே வந்ததும் சொந்தக் காரில் ஏறித்தான் வீட்டுக்கு வருவாராம். வழக்கமாக செக்‌ஷன்காரர்களே ஒரு கார் பிடித்து, மாலை போட்டு, வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்பாவும் எத்தனையோ பேரை அப்படிக் கொண்டுபோய் விட்டவர்தான். அவர்களுக்கெல்லாம் போதுமானதாக இருந்தது இவருக்கு மட்டும் போதவில்லை. இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதையும் தயவுசெய்து கவனிக்கவும். இதற்குப் பகட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

பழைய கார் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஏழு தடவை கேட்டு, நோட்டில் பத்துக் குறிப்பாக எழுதிக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு கிளம்பினேன். கூடவே வண்டி பார்க்கும் நிபுணராகக் குஞ்சிதபாதம் வந்தார். இவர் அப்பாவின் நண்பர், ஸ்டோர்ஸில் வேலை. இருபத்தைந்து வருஷம் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்ததால், நட்டும் போல்ட்டும் உள்ள எதைப் பற்றியும் தமக்குத் தெரியும் என்று நம்புகிறவர். கார் செந்தில்நாதன் என்கிற அதிகாரியுடையது. பதினான்கு வயதுச் சிவப்புக் கார். டவுன்ஷிப்பில் அவருடைய பெரிய குவார்ட்டர்ஸ் மாமரத்து நிழலில் கவர் போட்டு நின்றது. கவரை எடுப்பதற்கு முன்பே குஞ்சிதபாதம் அப்பாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆபீசர் வண்டி, பன்னீரு. கண்ண மூடிகினு வாங்கலாம்." அப்பா அந்த அறிவுரையை அப்படியே பின்பற்றினார்.

உங்களுடைய முதல் குறிப்பு, இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும், அப்போதுதான் கோளாறு தெரியும், ஆகவே முதலில் பேனட்டில் கை வை என்பது. வைத்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்பே சூடுபண்ணி வைத்திருக்கிறார்கள். இதை அப்பாவின் காதில் சொன்னால், "நமக்காவ ரெடி பண்ணி வச்சிருக்காரு, எவ்ளோ மரியாத பாரு" என்று நெகிழ்ந்துபோகிறார். ஸ்டார்ட் செய்ததும் நீலமாகப் புகை வந்தது. நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று நீங்கள் சொன்னது என் நோட்டில் நான்காவதாக இருக்கிறது. குஞ்சிதபாதம் அந்தப் புகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம்ம பவர் ஹவுஸ் சிம்னியில வர்றதுக்கு இதெல்லாம் ஒரு பொகையா?" என்றார். இப்படிப்பட்ட ஊரில் உங்கள் நான்காவது குறிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது மாமா? டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைத் தேடிப் படித்தேன். 3518. இரண்டாயிரத்துப் பதினெட்டில் முப்பத்தைந்தாவது வாரம் செய்த டயர், அதாவது ரப்பர் கட்டையாகிவிட்ட டயர். நான் குனிந்து படிப்பதைப் பார்த்த குஞ்சிதபாதம், "மூணும் அஞ்சும் எட்டு, ஒண்ணும் எட்டும் ஒம்பது, மொத்தம் பதினேழு, கூட்டுனா எட்டு. சனி. ஆனா நம்பர் பிளேட்டு கூட்டுனா அஞ்சு வருது, அது இத அடிச்சிடும்" என்றார். அப்புறம் கதவைத் திறந்து படாரென்று சாத்தினார். "சத்தத்த கேளு. இரும்பு." கார் இரும்பில்தான் செய்யப்பட்டிருக்கிறது என்பதை ஸ்டோர்ஸ் அத்தாட்சியோடு இப்படித்தான் தெரிந்துகொண்டோம். ஹாரன் அடித்தார். ஏசியைப் போட்டு முகத்தைக் காட்டினார். சோதனை முடிந்தது.

உள்ளே போய்க் காபி குடித்தோம். அப்பா சோபாவின் விளிம்பில், எழுந்திருக்கத் தயாராக இருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். இவர் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்க்கிறவர் மாமா. ஓடுகிற பெல்ட்டில் எந்த ரோலர் கெட்டுப்போயிருக்கிறது என்று இருட்டில் காதாலேயே கண்டுபிடிக்கிறவர் என்று செக்‌ஷனில் பேர். அந்தக் காதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தார். "அப்பா, பேனட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்" என்று மெதுவாகச் சொன்னேன். "ஆபீசர் வூட்டுக்கு வந்து தொறந்து காட்டுங்கன்னு எப்டி பாப்பா கேக்கறது? தப்பா நெனைக்க மாட்டாரா?" என்றார். காரை வாங்குவது தப்பில்லை, பார்ப்பதுதான் தப்பு.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நானே வெளியே வந்து, நெம்புகோலைத் தேடிக் கண்டுபிடித்து, பேனட்டைத் தூக்கினேன். ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வடிகஞ்சி மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது; ஹெட் கேஸ்கட் போய், ஆயிலில் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் பழைய சர்வீஸ் ஸ்டிக்கர் ஒன்று. அடுத்த ஆயில் மாற்ற வேண்டியது எழுபத்து நாலாயிரம் கிலோமீட்டரில் என்று அதில் பேனாவால் எழுதியிருந்தது. மீட்டரில் நாற்பத்திரண்டாயிரம்தான் இருக்கிறது. கார் பின்னோக்கி ஓடியிருந்தாலொழிய இது நடக்காது. அதற்குள் மூன்று பேரும் வெளியே வந்துவிட்டார்கள். "பொண்ணு என்னாத்த எழுதிகினு இருக்கு, பரிச்சயா?" என்று குஞ்சிதபாதம் சிரித்தார். ஸ்டிக்கரைச் சுட்டிக் காட்டினேன், அப்புறம் மீட்டரைச் சுட்டிக் காட்டினேன்.

செந்தில்நாதன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பார்த்தார். அவரிடம் ஒரு நேர்மை இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். "நான் வாங்கினப்பவே மீட்டர் கம்மியாத்தாம்மா இருந்தது. எங்க ஜெனரல் மேனேஜர்கிட்ட வாங்கினேன். அவர்கிட்டப் போய் மீட்டரைப் பத்தி எப்படிம்மா கேக்கறது?" என்றார்.

"கேக்க முடியாதுங்க சார்" என்று அப்பா உடனே சொன்னார். முழு மனசோடு சொன்னார். குஞ்சிதபாதமும் தலையாட்டினார். ஆக இந்தக் காரின் பேனட்டை இதுவரை வாங்கியவர் யாரும் திறந்து பார்க்கவில்லை. கீழே இருக்கிறவர் மேலே இருக்கிறவரிடம் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எங்களுக்குக் கீழே யாரும் இல்லாததால் எங்களோடு அது நிற்கப்போகிறது. இன்னும் ஒரு வருஷத்தில் பதினைந்து வயது முடிந்து மறுபதிவுக்குப் போக வேண்டும் என்பது உங்கள் பத்தாவது குறிப்பு. அதை நான் அங்கே படித்துக் காட்டவே இல்லை. படித்து யாரிடம் சொல்வது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்கள். அதற்குள் நீங்கள் அப்பாவைக் கூப்பிட்டு, இந்தக் கார் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள். உங்களுக்கே தோன்றியதாகச் சொல்லுங்கள். மெக்கானிக் என்று உங்களிடம் அப்பாவுக்குப் பயம் உண்டு. கொஞ்சம் திட்டினாலும் பரவாயில்லை.

அத்தைக்கு என் வணக்கம். ஹரிணிக்கு முத்தம். அம்மா உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அக்கா மகள்
இசைப்பிரியா

பி.கு. (வெள்ளிக்கிழமை காலை): மாமா, போன் செய்ய வேண்டாம். கவரை ஒட்டிய பிறகு, நேற்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பத்துக் குறிப்பையும் அப்பாவிடம் நானே வாய்விட்டுப் படித்துவிட்டேன். இடையில் நிறுத்தவே இல்லை. அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "தெரியும் பாப்பா. கரகரங்குது, எனக்குக் கேக்கலியா?" என்றார். பிறகு ஏன் என்றேன். போன மாதம் ரிட்டையர் ஆன சோமசுந்தரத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டார்களாம், அப்பாவோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். "வூட்டாண்ட எறக்கிவுட்டு டீ குடிச்சோம். செகண்ட் ஷிப்டுக்கு நேரமாயிடுச்சின்னு வண்டிய திருப்பிட்டோம். நான் திரும்பிப் பாத்தேன். கழுத்துல மாலையோட நடுத்தெருவுல நின்னுகினு வண்டி போறதையே பாத்துகினு இருந்தான். அப்டி நிக்கறதுக்கு என்னால ஆவாது பாப்பா. நான் வந்த வண்டி என் வாசல்லயே நிக்கட்டும். ஓடாட்டியும் பரவால்ல" என்றார்.

அதனால் கவரைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸை நானே கொடுக்கப் போகிறேன். நீங்கள் இருபத்தெட்டாம் தேதியே வந்துவிடுங்கள். நாலு டயர், பேட்டரி, இன்ஜின் ஆயில் ஐந்து லிட்டர் கொண்டுவாருங்கள். ஹெட் கேஸ்கட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் படிக்கும்போது லைசென்ஸ் எடுத்தேன், அப்பாவுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்கு ஓட்டப்போவது நான்தான். ஆகவே வந்ததும் முதலில் பிரேக்கைப் பாருங்கள்.