மாடியில் ஒரு சுடலை, கீழே ஒரு சுடலை

பிள்ளைப்பாக்கம்,
ஞாயிறு மதியம்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை நிலவன் அவர்களுக்கு, மாமனார் சுப்பராயன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை கங்கம்மாளும் சுகம். அங்கே நீங்களும் சத்யப்பிரியாவும் சுகமாக இருக்க வல்லக்கோட்டை முருகனை வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் எனக்கு நாக்கு முந்திக்கொள்ளும். வீட்டு மாப்பிள்ளையை அப்படிப் பேசுவது முறையல்ல என்று அத்தை போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அதனால் கடிதம்.

நம் ஹாஸ்டல் பையன்களின் விவரத்தை ஏற்றப் பொங்கல் லீவில் வந்து கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதித் தந்தீர்கள். "பேர்தான் மாமா சாவி. பேரைப் போட்டா ஆளோட ரூம், ஊர், ஷிப்ட் எல்லாம் வந்து நிக்கும்" என்றீர்கள். நிஜமாகவே நின்றது. பேச்சிராஜ் என்று அடித்தால் பேச்சிராஜ் வந்தான். பெருமை தாங்காமல் பக்கத்து ஹாஸ்டல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்தான் பட்டுவிட்டது போலிருக்கிறது.

கீழ் ரூமில் சுடலை என்று ஒரு பையன், கோவில்பட்டிப் பக்கம், கார் சீட் தைக்கும் கம்பெனியில் வேலை. ஆவணியில் மாடி ரூமுக்கு இன்னொரு பையன் வந்தான். அவனும் கோவில்பட்டிப் பக்கம், அவனும் சுடலை. பேரை அடித்தேன், பெட்டி முனகாமல் வாங்கிக்கொண்டது. கீழ் சுடலையை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் மாடி சுடலையை உட்கார வைத்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வாடகைக்கு விடுகிற நானே ஒருவனைக் காலி செய்ய ஒரு மாசம் டைம் கொடுக்கிறேன், மாப்பிள்ளை.

அதற்கப்புறம் கீழ் சுடலைக்கு ஊரிலிருந்து வந்த கருவாடு மாடிக்குப் போனது. யாரோ புண்ணியவான் அனுப்பினார் என்று அவன் பொரித்துத் தின்றுவிட்டான். கம்பெனி வேன் வந்து "சுடலை எங்கே" என்று ஹாரன் அடித்தபோது, நைட் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் படுத்த மாடி சுடலையை எழுப்பி ஏற்றிவிட்டேன். ஒரகடத்தில் இறங்கித்தான் அவன் கண்ணையே முழித்தான். "இன்னாய்யா இது, பொட்டி சொல்றத கேட்டுகினு ஆளு மூஞ்சிய பாக்க மாட்டியா?" என்று அத்தை அப்போதே கேட்டாள். மாப்பிள்ளை எழுதினது தப்பாகாது என்று நான்தான் அடக்கினேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. தீபாவளி கழிந்த வியாழக்கிழமை காலையில் வந்த போன் அப்படியல்ல. "சுடலையோட அப்பா ராத்திரி தவறிட்டாவ. அவன் போன எடுக்க மாட்டேங்கான். சொல்லி அனுப்பிவிடுங்க" என்றது ஒரு பெண்குரல். பேரை அடித்தேன். மாடி ரூம் என்றது. ஏறிப்போய், தூங்கினவனைத் தொட்டு எழுப்பிச் சொன்னேன். தாயில்லாப் பிள்ளை, அப்பனோடும் சண்டை போட்டுவிட்டு வந்தவன், இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லையாம். "கடைசியா மூஞ்சி குடுத்துப் பேசலியே அண்ணாச்சி" என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அத்தையும் அழுதாள், நானும் அழுதேன். நானே வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டு, பையன் கிளம்பிட்டான் என்று அந்த அம்மாவுக்கும் சொன்னேன்.

சாயங்காலம் அவன் அழுதுகொண்டே ஊருக்குள் ஓடினால், அப்பன் வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருக்கிறார். "என்னலே, வேலைய விட்டுத் தூக்கிட்டானுவளா?" என்றாராம். அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்த பிறகுதான் எனக்குப் போன் பண்ணினான். அப்பன் போனது கீழ் சுடலைக்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவனிடமும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து, ஓ.டி. முடித்துப் பையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்குள் வருகிறான் கீழ் சுடலை. கம்பெனிக்குள் விடமாட்டார்கள் என்று போனை ரூமிலேயே சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். காலையில் சொன்ன அதே வார்த்தையை மறுபடி சொன்னேன். இவன் அழவில்லை. "எப்ப சொன்னாவ?" என்றான். காலையில் என்றேன். அதற்குமேல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அங்கே மாடி சுடலை, அப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கீழ் சுடலையின் ஊருக்கு ஓடியிருக்கிறான். பாடை கட்டியாகிவிட்டது. "மகன் வாரான், விடியுற வரைக்கும் வைங்க" என்று கெஞ்சினானாம். உடம்பு தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். கீழ் சுடலையின் பஸ் அப்போது விழுப்புரம்கூடத் தாண்டவில்லை. விடிந்து போனவனுக்குச் சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. பக்கத்தில் மாடி சுடலை உட்கார்ந்திருந்தான். "உன் பேருக்கு நான் தோள் குடுத்தேம்லே. வேற ஒண்ணும் முடியல" என்றானாம்.

மறுநாள் உங்களிடம் போனில் கேட்டதற்கு, "அது அப்படித்தான் மாமா. ஒரு சாவிக்கு ஒரு ஆள்தான். புதுசு வந்தா பழசு போயிடும்" என்றீர்கள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் தெருவில் நின்று சுடலை என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் மாப்பிள்ளை, அந்த நாலு பேருக்கும் தனித்தனியாக அப்பா உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று பொறுத்திருந்து எழுதுகிறேன்: வருகிற ஞாயிறு வந்து அந்தப் புரோகிராமை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகவும். இல்லையென்றால் பெட்டியோடு ஏரியில் போடுவேன். மரியாதையோடுதான் சொல்கிறேன்.

இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், பல்லாண்டு வாழ எங்கள் ஆசி.

இப்படிக்கு,
உங்கள்மேல் கோபமே இல்லாத
சுப்பராயன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் இரண்டு சுடலையும் வந்து நின்றார்கள். கீழ் சுடலைக்கு மொட்டைத்தலையில் இப்போதுதான் முடி முளைக்கிறது. "எங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுருங்க அண்ணாச்சி" என்றார்கள். மாடியிலேயே போட்டேன். பேரை அடித்துப் பார்த்தேன். மாடி ரூம் என்று சரியாகவே காட்டுகிறது. யார் வந்து எந்தச் சுடலையைக் கேட்டாலும் இரண்டு பேரும் எழுந்து வருகிறார்கள். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.