பிரவுன் அட்டைக்குள் மூன்று லேப்டாப்

“தும்பி மட்டும் வேண்டவே வேண்டாம். என் நாத்தனார் அதை வாங்கிட்டு அழுதுக்கிட்டிருக்கா” என்றார் வரலாறு மிஸ்.

“உங்க நாத்தனார் அழறதுக்கு லேப்டாப் என்ன பண்ணும்? என் மச்சான் எட்டு வருஷமா தும்பிதான் வச்சிருக்கார்” என்றார் கணக்கு சார்.

“தும்பியும் வேணாம், வளையமும் வேணாம். மலைதான் கனமா இருக்கு. கீழ விழுந்தா தரைதான் உடையும்” என்றார் பி.டி. சார்.

ஆசிரியர் அறை மேசையில் மூன்று லேப்டாப்கள் இருந்தன. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மூன்று கம்பெனிகள் கொடுத்துவிட்டுப் போனவை. ஒன்றின் மூடியில் தும்பி, இன்னொன்றில் மலை, மூன்றாவதில் வளையம். பள்ளிக்கு எது என்று முடிவு செய்யும் வேலை கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் தலையில் விழுந்திருந்தது.

நிர்வாகம் இருபது லேப்டாப் வாங்கித் தரத் தயார். ஆனால் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள், ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். இல்லையென்றால் அந்தப் பணம் கலையரங்கத்துத் திரைச்சீலைக்குப் போய்விடும். திரைச்சீலைக்காரர் ஏற்கெனவே வந்து அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மிஸ்ஸுக்குத் திரைச்சீலை மேல் பகை எதுவும் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பிள்ளைகள். பெஞ்சின் ஓரத்தில் உட்காரும் ஒரு பெண் போன வாரம், “நான் இன்னும் ஒரு தடவைகூட என்டர் தட்டினதில்ல மிஸ்” என்று சொல்லியிருந்தாள். புகாராகக்கூடச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். மிஸ்ஸுக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்கச் சண்டையிலேயே போனது. யாரும் லேப்டாப்பைத் தொடவில்லை, மூடியில் இருந்த படத்தைப் பார்த்தே பேசினார்கள். இது மிஸ்ஸுக்கு விசித்திரமாக இருந்தது. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவர் அல்ல அவர். பால் பொங்கிவிட்டது என்று வீட்டுக்காரர் கத்தினால்கூட, அடுப்பில் வைத்து எத்தனை நிமிடத்தில் என்று கேட்பார். படத்தை மறைத்துவிட்டால் இவர்கள் எதைத்தான் சொல்வார்கள்?

செவ்வாய்க்கிழமை காலையில், லேப் உதவியாளர் அக்காவும் அவரும் சேர்ந்து, பாடப் புத்தகத்துக்குப் போடுவதுபோல மூன்றுக்கும் பிரவுன் அட்டை போட்டார்கள். அ, ஆ, இ என்று லேபிள் ஒட்டினார்கள். அக்கா பழக்க தோஷத்தில் பெயர், வகுப்பு, பிரிவு என்றுகூடக் கோடு போட்டுவிட்டார்.

கணக்கு சார் ‘அ’வை நாலு தட்டுத் தட்டினார். “இதெல்லாம் ஒரு மெஷினா? கண்டிப்பா வளையமாத்தான் இருக்கும்.”

அது தும்பி. மிஸ்ஸுக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். ஆனால் மறுநாள் காலை ‘அ’வின் அட்டை ஓரமாகக் கிழிந்திருந்தது. கணக்கு சார் அதன்மேல் பாசமாகக் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னிக்கு என்னவோ ‘அ’ ரொம்ப நல்லா ஓடுது மிஸ்.”

மிஸ் இரண்டாவது அட்டை போட்டு, டேப்பால் சுற்றி ஒட்டினார். அப்போது பி.டி. சார் சிரித்தார்.

“எத்தனை அட்டை போட்டாலும் உங்க முகத்துக்கு யார் அட்டை போடறது? ‘ஆ’வைத் தொட்டா உங்க புருவம் மேல ஏறுது. அதான் மலை. எங்க எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

மறுபடியும் நாத்தனார், மறுபடியும் மச்சான். புதன்கிழமையும் வீணாய்ப் போனது.

மிஸ் யோசித்தார். பி.டி. சார் சொல்வதும் நியாயம்தான். சோதனை செய்கிறவருக்கும் விடை தெரியக் கூடாது. அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டார்.

“அக்கா, எல்லாத்தையும் பிரிச்சு, மாத்தி மாத்தி நீங்களே அட்டை போட்டுடுங்க. எது எதுன்னு என்கிட்டகூடச் சொல்லக் கூடாது. நாளைக்குக் காலைல மேசையில மூணு இருக்கணும், அவ்வளவுதான்.”

“மூணு இருக்கணும். சரி மிஸ்.”

வியாழக்கிழமை காலையில் மேசையில் மூன்று இருந்தன. அக்கா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“மிஸ், ஒரு விஷயம். அந்த லேப்டாப்ல...”

“ஐயோ, சொல்லாதீங்க!” மிஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “சொன்னா சோதனையே கெட்டுடும்.”

மதியமும் அக்கா வந்தார். “மிஸ், வேற எதுவும் இல்ல, அந்த ‘இ’...”

“அக்கா!”

அக்கா திரும்பிப் போய்விட்டார்.

அன்றுதான் அந்த அதிசயம் நடந்தது. வரலாறு மிஸ் ‘இ’யில் ஒரு பக்கம் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “கீ ஒவ்வொண்ணும் விரலுக்கு என்ன சுகமா இருக்கு! பார்த்தாலே தெரியுது, இதுதான் லேட்டஸ்ட்.”

பி.டி. சார் ‘இ’யை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். “இதுதான் மெஷின். பிள்ளைங்க மேல ஏறி நின்னாலும் தாங்கும்.”

கணக்கு சார் மூன்றையும் இரண்டு மணி நேரம் தட்டினார். கடைசியில், “மச்சான்கிட்ட சொல்லிடாதீங்க. ‘இ’தான்” என்றார் தணிந்த குரலில்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கடிதம் தயாரானது. பதினாலு கையெழுத்து. கம்பெனி பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. போன வருடம்தான் இந்தப் பள்ளிக்கு வந்த தலைமையாசிரியை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகளை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பதுவரை மிஸ் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். ஓரத்துப் பெண்ணுக்குத் தனியாக ஒன்று.

“பிரிங்க மிஸ், நேரமாகுது.”

மிஸ் ‘இ’யின் அட்டையைச் சர்ரென்று கிழித்தார். மூடியில் தும்பி இல்லை. மலையும் இல்லை, வளையமும் இல்லை.

“இது எந்தக் கம்பெனி?” என்றார் தலைமையாசிரியை.

மிஸ் அக்காவைப் பார்த்தார். “அக்கா, இது எங்கிருந்து வந்துச்சு?”

“இப்பச் சொல்லலாமா மிஸ்?”

“சொல்லித் தொலைங்க!”

“புதன்கிழமை சாயங்காலம் தும்பிக்காரர் வந்து அவரோடத எடுத்துட்டுப் போயிட்டார். நீங்க மேசையில மூணு இருக்கணும்னு சொல்லியிருந்தீங்க. அதான் மாடி ரூமைத் திறந்து, நம்ம ஸ்கூல் ஆறு வருஷத்துக்கு முன்னாடி வாங்கினதுல ஒண்ண எடுத்து வச்சேன்.”

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“வாங்கினதுல ஒண்ணா? அப்ப மீதி?” என்றார் மிஸ்.

“மீதி பத்தொம்பதும் பெட்டியைப் பிரிக்காம அப்படியே இருக்கு மிஸ், எந்த வகுப்புக்கு முதல்ல குடுக்கறதுன்னு எல்லாரையும் கேட்டு ஒருமனதா முடிவு பண்ணிச் சொல்றேன்னாரு, நம்ம கணக்கு சார்.”