கொன்வின்சிங்லி காக்கா

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும், ஒரேயொரு இங்கிலீசுச் சொல்லை வைத்துக்கொண்டு பிழைத்த மனிதர் ஒருவர்தான். ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாறி மூட்டை கட்டிக்கொண்டு வெல்லாவெளி வரை போய் விற்கிற கொன்வின்சிங்லி காக்கா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய சொந்தப் பெயர் அவர் பெண்சாதிக்காவது ஞாபகம் இருக்குமோ தெரியாது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்றைக்குத் தேற்றாத்தீவில் அரிசி மில், இரண்டு லொறி, எல்லாம் இந்தக் கை உழைத்தது. பட்டம் படித்தவர்கள் என்னிடம் வேலை கேட்டு வருகிறார்கள். ஆனாலும் எனக்குத் தெரிந்த இங்கிலீசைக் கற்பித்தவர் இந்தக் காக்காதான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சொல் அவருக்குக் கட்டாரில் கிடைத்தது. துணிக்கடை வேலையை முடித்து ஊருக்குத் திரும்பும்போது மனேஜர் ஒரு கடிதம் கொடுத்தாராம். 'இவர் வாடிக்கையாளர்களோடு கொன்வின்சிங்லி பேசுவார்' என்று ஒரே வரி. அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சாறி மூட்டைக்கு மேலே வைத்துக்கொண்டு திரிந்தார்.

"அப்படியெண்டா என்ன காக்கா?" என்று கேட்டேன்.

"கேக்கிறவன் நம்புற மாதிரி, முதலாளி. கதைச்சான் எண்டா வாய் அசைஞ்சிரிக்கு, அவ்வளவுதான். கொன்வின்சிங்லி கதைச்சான் எண்டா, கேட்டவன் எழும்பிப் போய்ச் செய்திரிப்பான்."

சாயம் போன சாறியைத் திருப்பிக் கொடுக்க வந்த டீச்சர் ஒருவர், அதையும் வைத்துக்கொண்டு அதே மாதிரி இன்னொன்றும் வாங்கிப் போனதை நான் என் கண்ணால் பார்த்தவன். அதனால் அந்த விளக்கத்தில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"கதைக்கிறதுக்கு மட்டும்தானா அது?"

"எந்தச் சொல்லுக்கு முன்னாலயும் கொண்டு பூட்டலாம் முதலாளி."

பூட்டியும் காட்டினார். கிரிக்கெட் மெட்ச் ஒன்றில் எங்கள் ஊர்ப் பொடியன்கள் கடைசிப் பந்தில் ஒரே ஓட்டத்தால் வென்று வெடி கொளுத்தினார்கள். காக்கா உதட்டைப் பிதுக்கினார். "வெண்டது சரி. கொன்வின்சிங்லி வெல்லல்ல. அப்படி வெண்டா, தோத்தவன் வாயே திறக்கமாட்டான்." தோற்ற பக்கம் அந்த நேரம் அம்பயரைச் சுற்றி வளைத்திருந்தது.

ஒரு செத்த வீட்டுக்கு அரசியல்வாதி ஒருவர் வந்து லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். காக்கா என் காதுக்குள் சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது: "அழுறார். ஆனா கொன்வின்சிங்லி இல்ல." அந்த மனிதர் போன் வந்தமாதிரி காதில் வைத்துக்கொண்டு வெளிக்கிட்டார்.

"இதுவும் இல்ல," என்றார் காக்கா.

இப்படிப்பட்டவரிடம் நான் அகப்பட்டது கண்ணால். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. தள்ளிப்போட்டால் வலது கண் போய்விடும் என்று சொல்லி டொக்டர் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார். அந்த நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இன்னொரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு லொறி பழுது. வயல் வட்டைக்குள் வந்த யானையைத் தனியாளாக விரட்டியவன் நான். கண்ணுக்குள் கத்தி வைப்பது மட்டும் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

கண் தெரிகிறது என்றே சமாளித்தேன். ஒருநாள் மில் வாசலில், கொடியில் காய்ந்த சேட்டு ஒன்றை வேலையாள் என்று நினைத்து, "வேலை நேரத்தில என்ன நிக்கிறாய்?" என்று ஏசினேன். பதில் வராததால் இன்னும் உரத்து ஏசினேன். சாறி மூட்டையோடு வந்த காக்கா பார்த்துவிட்டார்.

"முதலாளி, கண் தெரியிற மாதிரி நடிக்கிறீங்க. ஆனா..."

"வேணாம் காக்கா! அந்தச் சொல் எண்ட மில்லுக்குள்ள வரப்படாது!"

இரண்டு மணித்தியாலம் கதைக்கப்போகிறார் என்று கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். அவர் கதைக்கவில்லை. கிட்ட வந்து, குரலை இறக்கி, "எனக்கும் கண்ணில வெள்ளைதான் முதலாளி. வாற செவ்வாய்க்கிழமை ஒப்பரேசன். தனியப் போகப் பயமா இரிக்கு. நீங்க தைரியமான ஆள். துணைக்கு வாறீங்களா?" என்றார்.

எனக்கு நெஞ்சு விரிந்தது. "இதுக்கெல்லாமா பயப்படுறது? வாறன்."

செவ்வாய்க்கிழமை ஓட்டோவில் போன வழியெல்லாம் அவருக்குத் தைரியம் ஊட்டினேன். பாலம் தாண்டும்போது, "திரும்பிப் போவமா முதலாளி?" என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். பெரியாஸ்பத்திரியில் கண் நோயாளிகள் நீட்டு வாங்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொன்னேன்: "எறும்பு கடிச்ச மாதிரித்தான். பேர் கூப்பிட்ட உடன எழும்பி நடக்க வேணும். யோசிக்கப்படாது!" அழுதுகொண்டிருந்த ஒரு அம்மா அழுகையை நிறுத்திவிட்டார்.

கதவைத் திறந்து நேர்ஸ் மிஸ்ஸி பேர் கூப்பிட்டார். என் பேர்.

காக்கா தன் சேட்டுப் பைக்குள்ளிருந்து என் கிளினிக் அட்டையை எடுத்து நீட்டினார். நான் அலுமாரிக்குள் ஒளித்து வைத்த அட்டை. என் பெண்சாதி எடுத்துக் கொடுத்து, இரண்டு பேருமாகப் புதிய நாளும் வாங்கியிருக்கிறார்கள்.

"உங்கட அட்டை எங்க காக்கா?"

"எனக்கென்னத்துக்கு? ஊசியில நூல் கோக்கிற கண் இது."

திரும்பிப் பார்த்தேன். முகங்கள் தெரியவில்லை, வாங்கு முழுக்க என்னையே பார்ப்பது மட்டும் தெரிந்தது.

"போய் வாங்க ஐயா, எறும்புதானே," என்றார் அந்த அம்மா.

எழும்பி நடந்தேன். உள்ளே நான் மிஸ்ஸியின் கையை விடவேயில்லை என்று சிலர் சொல்வது பொய்.

அடுத்த நாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். முதலில் தெரிந்தது ஒரு தாடி. முழுக்க வெள்ளை. நான் கடைசியாகச் சரியாகப் பார்த்தபோது அதில் பாதி கறுப்பாக இருந்தது. மேலே நேற்றுப் போட்ட அதே சேட்டு, கசங்கிப்போய். மனிதர் வீட்டுக்கே போகவில்லை.

"தெரியுதா முதலாளி?"

கூரையில் ஓடிய பல்லி வரைக்கும் தெரிந்தது.

"மங்கலாத்தான் இரிக்கு காக்கா," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் "படி இரிக்கு, பார்த்து" என்று சொல்லி இறக்கினார். நானும் கடைசிப் படி வரைக்கும் தடுமாறிக்கொண்டே வந்தேன்.