யாருடைய எலும்பு

ஈசூன், சிங்கப்பூர்
புதன்கிழமை

அன்புள்ள சாவித்திரி அக்காவுக்கு,

தங்கை மேகலா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். இந்த முறை ஆதாரத்தோடு சொல்கிறேன். அங்கே செந்தூலில் நீங்களும் அத்தானும் நலம்தானே? வர முடியாது என்று சனிக்கிழமை நான் அனுப்பிய தகவலை அழித்துவிடுங்கள். தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருகிறேன். மகள் யாழினிக்கு மூச்சிழுப்பு நின்றதற்காக நேர்ந்துகொண்ட பால்குடத்தை இருநூற்று எழுபத்திரண்டு படியும் நானே சுமப்பேன்.

நடந்தது இதுதான். போன வாரம் மாமியாரும் நானும் ஒரே நாளில் பாலிகிளினிக்கில் எலும்பு சோதனை செய்துகொண்டோம். டாக்டரைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமை. முடிவு மட்டும் வெள்ளிக்கிழமையே கைப்பேசிக்கு வந்துவிட்டது. அத்தையின் மருத்துவப் பதிவுகளையும் நான்தான் என் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறேன், தெரியுமே. அவருக்குக் கண் டாக்டரிடம் நாள் வாங்கிவிட்டு, அந்தக் கையோடு முடிவைத் திறந்தேன். கடுமையான எலும்புத் தேய்மானம். நாற்பத்தாறு வயதில்! அன்று முதல் முட்டைமேல் நடப்பதுபோல் நடந்தேன். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் என்னைக் காய்கறிப் பையைக்கூடத் தொட விடவில்லை, யாழினி துணி காயப்போட்டாள், மின்தூக்கி பழுதான அன்று பத்துக் கிலோ அரிசியை நாலு மாடி தூக்கி வந்தது யாரென்று நினைக்கிறீர்கள், அத்தைதான். எழுபத்தெட்டு வயது. மூச்சுகூட வாங்கவில்லை. "நீ உக்காரு, ஒடஞ்சுடப் போற" என்று எனக்கு மைலோ வேறு கலக்கிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் தியோ என் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது யாரோட பேரு?"

அத்தையின் பெயர். கண் டாக்டருக்கு நாள் வாங்கியபின் கைப்பேசியில் அவர் பதிவுப் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்கு மாற மறந்திருக்கிறேன்; பயத்தில் இன்னொரு முடிவைத் திறக்கவும் இல்லை. என் எலும்பு இரும்பாம். அங்கேயே அழுதுவிட்டேன், அக்கா. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவருடைய எலும்புதான் அது என்று அப்போதுதான் தெரிந்திருக்கிறது, எனக்கோ முதலில் வந்தது நிம்மதி. அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. அவர் என் தோளைத் தட்டி, "அழுவாத. தெரியறதுக்கு முன்னாடியும் இதே எலும்புலதான நடந்தேன்" என்றார். டாக்டர் அவருக்கு மருந்து எழுதிக்கொடுத்தார். விழாமல் பார்த்துக்கொண்டால் போதுமாம், இனி அரிசி தூக்கக் கூடாதாம்.

பதிவுகளை இணையத்தில் பார்ப்பது பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இன்று பாலிகிளினிக்கிலிருந்து கேட்டிருந்தார்கள். நல்ல வசதி, பெயரை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள் என்று எழுதினேன்.

அத்தானுக்கு என் வணக்கம். நேரத்துக்குப் பசியாறுங்கள். முருகன் துணை.

அன்புடன்,
மேகலா

பி.கு.: நான் வரவில்லை. எழுதி முடித்த சந்தோஷத்தில், வாசலில் இருந்த அரிசி மூட்டையை அத்தை தொடுவதற்குள் நானே தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, சதைதானாம். இரண்டு வாரம் அசையக் கூடாது. எனக்குப் பதில் அத்தை வருகிறார். "குடத்த சாவித்திரி தூக்கட்டும், நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்" என்கிறார். பேருந்துச் சீட்டில் பெயரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.