எதிர்க்கவே பிறந்த விருத்தய் நானா

பிறந்தவுடன் குழந்தைகள் அழும். விருத்தய் நானா அழுதிருக்க மாட்டார், பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம் ஆட்சேபணை தெரிவித்திருப்பார். மாத்தளை மாவட்டத்தில் அவர் எதிர்க்காத விஷயம் ஒன்று உண்டென்றால், அது அவர் காதுக்கு எட்டாத விஷயமாக இருக்கும்.

முஸ்லிம் அண்ணன்களை எங்கள் பக்கம் நானா என்போம். எல்கடுவைக்கு ஏறும் பாதையில் ஒரு வளைவு. வளைவின் கீழ்ப்பக்கம் நானாவின் தேத்தண்ணிக் கடை, மேல்பக்கம் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். அதில் கடைசிக் காம்பராவில் அம்மாவும் நானும் இருந்தோம். எங்கள் பிரதேச சபையில் நான் லிகிதர், தீர்மானங்களை எழுதுபவன். சபை கூடும் நாளில் நானா கடையைச் சாத்திவிட்டு, பொதுமக்களுக்குப் போட்ட வாங்கில் முதல் ஆளாக வந்து உட்காருவார். தீர்மானத்தை வாசித்து முடிப்பதற்குள் எழுந்து, "விருத்தய்!" என்று சிங்களத்தில் முழங்குவார். எதிர்க்கிறேன் என்று அர்த்தம். வாங்கில் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டத்தையும் அவர் எதிர்த்தார்.

ஒருமுறை, காலமான உறுப்பினர் ஒருவருக்கு அனுதாபத் தீர்மானம். எல்லோரும் தலை குனிந்து நிற்கிறோம்.

"விருத்தய்! உசிரோட ஈக்கிற நேரம் ரோட்டுக்கு ஒரு லைட்டுப் போடல்ல. மௌத்தான பொறகு அவருக்கு என்னத்துக்கு மரியாதை?"

கடையிலும் இதே கதைதான். பிளேன்டீ நல்லாயிருக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "நல்லாவா? ஒனக்கு நாக்கு செத்துப் போச்சா?" என்று சண்டைக்கு வருவார்.

எங்கள் சபையும் எதிர்க்கத் தகுந்த சபைதான். சோதனைச் சாவடியில் ஐடென்டி கார்டை நீட்டி நீட்டியே ஊர் நொந்து போயிருந்த யுத்த காலத்தில், மக்கள் மனம் ஆறப் பூங்கா வேண்டும் என்று அதற்கு ஞானம் பிறந்தது. நிலம் வாங்கினார்கள். வாங்கியது தலைவருடைய மச்சானின் பாறைச் சரிவு. ஆடுகூட யோசித்து ஏறும் இடம். வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கே போகப் பாதை இல்லை என்பது அந்த மகான்களுக்குத் தெரிந்தது. உடனே அடுத்த தீர்மானம்: வளைவை நிமிர்த்திப் பாதையை அந்தப் பக்கம் திருப்புவது, குறுக்கே நிற்கும் லயத்தை உடைப்பது. லயத்துச் சனத்துக்கு வேறு இடம் 'பிறகு' கொடுப்பார்களாம். சபையின் 'பிறகு' எப்படிப்பட்டது என்று அங்கே சம்பளம் வாங்கும் எனக்குத் தெரியாதா? அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

லயத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் நில அளவையாளர் வந்து, வாசலோரம் ஒரு கல்லை நட்டு, அதன் தலையில் சிவப்பு பெயின்ட் பூசிவிட்டுப் போனார். பார்த்தது நானா ஒருவர்தான். அன்று மாலையே என்னிடம் சொன்னார்: "அளக்கிறவன் கல்லு நட்டுட்டுப் போறான். மூஞ்சிக்கு நேரா விருத்தய்னு சொல்லிட்டேன்."

மறுநாள் விடியலில் தோட்டத்து மேல் டிவிஷன் பெண்கள் கொழுந்து பறிக்கப் போனார்கள். வழியில் ஒரு கல், தலையில் சிவப்பு. யாரோ குங்குமம் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, தங்கள் பங்குக்கு மஞ்சள் பூசிவிட்டு நடந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை தேங்காய் உடைந்தது. அதற்கடுத்த வெள்ளி சூலம் முளைத்தது, சேவலும் வந்தது. ரோட்டு முனி என்று பெயரும் வைத்தாயிற்று. எல்கடுவை பஸ், முனிக்குக் கற்பூரம் காட்டாமல் வளைவில் திரும்ப மறுத்தது.

சபைத் தொழிலாளர்கள் கடப்பாரையோடு வந்தார்கள், கும்பிட்டார்கள், கடப்பாரையோடு போனார்கள். அதட்ட வந்த தலைவர் பத்தடி தூரத்திலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டார். கல்லை நட்ட அளவையாளரோ மாற்றலாகிப் போயிருந்தார். அவர் கீறிய வரைபடம் சபையில்தான் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர்தான் சபையில் இல்லை.

கடைசியில், முனியைத் தொடாமல் பாதையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பலாம் என்று தீர்மானம் வந்தது. கீழ்ப்பக்கம் என்றால் நானாவின் கடை. அது சாமியில்லை, அளவைக் கல் என்று நானா ஒரு வார்த்தை சொன்னால் கடை தப்பும், எங்கள் லயம் போகும். வாங்கைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தலைவரே வாங்கைப் பார்த்துக் கேட்டார், "என்ன நானா, விருத்தயா?"

நானா எழுந்தார். தொண்டையைச் செருமினார். "முனி ஈக்கிற எடத்துல கை வெக்க ஏலா, மஹத்தயா. கடைய எடுங்க."

சபை வாய் பிளந்தது. நான் வெளியே ஓடிப்போய் அவரைப் பிடித்தேன்.

"நானா, அது வெறும் கல்லுன்னு ஒங்களுக்குத் தெரியுமே!"

"தெரியும். என்ட கடைல ராவைக்கு யாரும் படுக்கிறல்ல, தம்பி. ஒங்கம்மா எங்க படுப்பா?" என்றவர், உடனே முகத்தைச் சுளித்தார். "அழாத. ஆம்பள அழுறது எனக்குப் புடிக்காது."

கடையை உடைத்தார்கள். நிமிர்த்தப் போன பாதைக்கு முனியைச் சுற்றி இன்னொரு வளைவு கிடைத்தது. பூங்காவில் ஒரு ஊஞ்சல் போட்டுத் தலைவர் ரிப்பன் வெட்டினார். ஊஞ்சல் முன்னால் போனால் பாறையில் இடிக்கும், பின்னால் போனால் பள்ளம். பிள்ளைகள் ஒரே நாளில் அதைக் கைவிட்டார்கள். நானா பாதையோரம் ஒரு பொலித்தீன் விரிப்பைக் கட்டி, அதற்கடியில் கேத்தலை வைத்து, தார் ஊற்றியவர்களின் வேலையைத் தினமும் எதிர்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அந்தத் தீபாவளிக்கு அதிரசத்தை எடுத்து வைத்துவிட்டு அம்மா சொன்னாள்: "முனிக்குப் பொறகு படைக்கலாம். மொதத் தட்ட நானாவுக்குக் கொண்டுபோய்க் குடு."

அவர் இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் நான்தான் கொண்டுபோனேன். அப்பா இல்லாத எனக்குத் தீபாவளி காலையில் போய் நிற்க ஓர் ஆள் இருந்தார்.