ஜூஜுவாடி சாவடியில் ஒரு ‘ப்ரிதீ’

பணிவாகப் பேசினால் எந்தக் கதவும் திறக்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஜூஜுவாடியில் எனக்குத் திறக்கவில்லை. இத்தனைக்கும் அது கதவுகூட இல்லை, சாலைக்குக் குறுக்கே போட்ட வெறும் மூங்கில்!

அறுபதுகளின் கடைசி. மாநில எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்த காலம். ஸ்டெல்லா அக்காவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி மாப்பிள்ளை. கல்யாணம் அங்கே கோவிலில், காலை பத்து மணிக்கு. மறுநாள் தவக்காலம் தொடங்குகிறது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது; இன்று தவறினால் ஈஸ்டர் கழிந்துதான் தாலி. ஃபாதரோ பதினோரு மணிப் பஸ்ஸில் வேறு ஊருக்குப் போகவேண்டியவர்.

ஓசூரிலிருந்து வாடகை வேனில் அக்கா, அந்தோணி மாமா, உறவுக்கூட்டம், விருந்துக்கு ஒரு மூட்டை அரிசி, கூடவே நான் (ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு, வாய் மட்டும் எம்.ஏ.).

கல்யாண அரிசிக்கு அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. “பெள்ளி பிய்யம், அன்னா” என்று அதையே தெலுங்கில் சொன்னால் போதும். சாவடிக்காரர் மணப்பெண்ணை எட்டிப் பார்த்துவிட்டு மூங்கிலைத் தூக்கிவிடுவார். மாமா வாயைத் திறப்பதற்குள் நான் குதித்து இறங்கி, சாவடிக்காரர் முன்னால் இடுப்புவரை வளைந்தேன்.

“ப்ரிதீ சார், லெட் அஸ் பாஸ்!”

“என்னாப்பா அது, ப்ரிதீ?”

கேட்டாரே! அதுவரை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

“பழைய இங்கிலீஷ்ல ‘தயவுசெய்து’ சார். ‘ஐ ப்ரே தீ’, உன்னை வேண்டிக்கறேன்னு அர்த்தம். சொல்லிச் சொல்லித் தேஞ்சு ப்ரிதீ ஆயிருச்சு. ‘ப்ரே’ பிரெஞ்சுலருந்து வந்துச்சு. அதுக்கு முன்னாடி லத்தீன்...”

“உன்னையா?” என்றார் அவர்.

“அந்தக் காலத்து மரியாதை சார்!”

அவர் மாமா பக்கம் திரும்பினார். “ஏனுங்க, கல்யாண அரிசி கொண்டுபோறவன் இப்பிடியா குழைவான்? லத்தீன் வரைக்கும் போறான்னா உள்ள என்னமோ இருக்குது. எல்லாத்தையும் எறக்குங்க!”

இது நியாயமா? முறைத்திருந்தால் விட்டிருப்பார். மரியாதை கொடுத்த குற்றத்துக்குச் சோதனை! அண்டா குண்டா இறங்கின. அக்காவின் டிரங்குப் பெட்டி திறந்தது. அவளுடைய உள்பாவாடைகள் இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே வெயில் காய்ந்தன. மணி பத்தரை.

“சார், ப்ரிதீ...” என்று மறுபடி ஆரம்பித்தேன்.

“டேய், இன்னொருவாட்டி அதச் சொன்ன, உன்ன இங்கயே எறக்கிட்டுப் போயிருவேன்!” என்றார் மாமா.

அப்போது கல்யாணப் புடவையோடு அக்கா வேனிலிருந்து இறங்கினாள். “பெள்ளி அன்னா! ஃபாதர் பஸ்ஸு எக்கேஸ்தாரு!” என்று ஒரே கத்தல். ஃபாதர் பஸ் ஏறிவிடுவார் என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. தயவு இல்லை, வேண்டுதல் இல்லை, லத்தீன் அறவே இல்லை. மூங்கில் மேலே போயிற்று!

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஃபாதரின் ஒரு கால் பஸ் படியில் இருந்தது; மாப்பிள்ளை அவர் பையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் நடந்தது. ‘ப்ரிதீ’யில் தப்பே இல்லை என்று அன்று பந்தியில் நான் வாதாடியதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கொஞ்சம் பணிவாகப் பேசிவிட்டால் தீர்ந்தது. போன வாரம் அக்காவின் பேரன், “ஆயா, கொஞ்சம் ரசம் ஊத்தறீங்களா, ப்ளீஸ்?” என்றான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“மொதல்ல பையத் தொறடா.”