ஆடிட்டு அண்ணன் பாஸ் ஆன ரத்தப் பரிசோதனை

ஓசூரில் இருக்கிற எல்லாக் கம்பெனியிலும் தேடிப் பாருங்கள், ஆடிட்டு அண்ணனைப் போல ஒரு சுத்தப் பைத்தியம் கிடைக்காது. மத்தூர்க்காரர். எங்கள் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. கம்பெனியைச் சோதிக்க வெளியாட்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள் என்றால்தான் மற்றவன் துடைப்பம் எடுப்பான். இவருக்குத் தினமும் ஆடிட். ஜூஜுவாடியில் நாங்கள் இருவரும் தங்கியிருந்த அறையிலும் நல்ல பொருளுக்குப் பச்சை அட்டை, ஆகாததற்குச் சிவப்பு அட்டை கட்டுவார். நான் வைத்த ரசத்துக்குச் சிவப்பு. ஒருநாள் தூங்கி எழுந்தால் என் கால் கட்டைவிரலிலும் சிவப்பு.

அந்த மனுஷன் கண்ணெதிரே உருகிக்கொண்டிருந்தார். கேன்டீனில் சப்பாத்தி தின்றால் வயிறு உப்பும், கழிப்பறைக்கு ஓடுவார். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டார். கடைசியில் மெஷின் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். கோதுமை ஆகாத நோயாக இருக்கலாம் என்று ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். அண்ணன் அதை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, அறையில் கேழ்வரகுக் களி கிண்டித் தின்றார். உடம்பு கொஞ்சம் தேறியது. அப்புறம்தான் ரத்தம் கொடுத்தார்.

ரிப்போர்ட்டில் நோய் இல்லை.

"பாஸ் ஆயிட்டன்டா!" என்று பரோட்டா கடைக்கு இழுத்துப் போனார். ஒரு வாரம் பரோட்டா, சப்பாத்தி என்று ஒரே கொண்டாட்டம். மறுபடி தரையில் கிடந்தார். உதடு வெளுத்துவிட்டது. பயத்தை மறைக்கக் கண்டவனையெல்லாம் திட்டினேன். "ரிப்போர்ட்டே நல்லாருக்கு, நடிக்கிறான். வேலைக்கு ஆவமாட்டான்" என்றார் மேனேஜர். அந்த வாயில் ஒன்று போட்டிருப்பேன்; நேரம் இல்லை.

பாகலூர் ரோட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிப் போனேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "டெஸ்டுக்கு முன்னாடி கோதுமை சாப்பிட்டுட்டுதான இருந்தீங்க?" என்றார்.

"ஐயோ இல்லீங்க மேடம், வெறும் களிதான். டெஸ்டும் ஆடிட் மாதிரிதானுங்களே? முன்னாடியே கிளீன் பண்ணி வெச்சாதான பாஸ் ஆவும்?"

டாக்டரம்மா தலையில் கை வைத்தார். "கோதுமையோட உடம்பு போடற சண்டையத்தான் இந்த டெஸ்ட் ரத்தத்துல தேடும். எதிராளியே வரலைன்னா சண்டை ஏது? டெஸ்ட் நல்ல டெஸ்ட்தான். நீங்கதான் ஏமாத்திட்டீங்க."

"அட ஏண்ணா, வியாதிய ஒளிச்சு வெச்சிட்டா கண்டுபிடிக்கப் போன?" என்று கத்தினேன்.

இன்னும் சில வாரம் தினமும் கோதுமை தின்ன வேண்டும், பிறகு மறுபடி ரத்தம் என்றார் டாக்டரம்மா. "அதுலயும் தெரியலன்னா விட்டுட மாட்டேன், குடலையே பாத்துடுவேன்."

அந்த வாரங்களில் தினமும் நான் சப்பாத்தியை வைப்பேன், அவர் விஷம் போல மென்று விழுங்குவார்.

"இந்தத் தடவையும் இல்லன்னு வந்துட்டா? வேலைய விட்டே தொரத்திருவாங்கடா."

"தின்னுண்ணா. பேசாத."

ரிப்போர்ட் வந்தது. நோய் இருக்கிறது என்று நான் படித்ததும் ஆஸ்பத்திரியில் கைதட்டிய ஒரே ஆள் அண்ணன்தான். குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்ததிலும் அதே முடிவு. மேனேஜர் மேஜையில் இரண்டையும் வைத்தேன்.

அண்ணன் கோதுமையை அடியோடு விட்டார். சில மாதம் கழித்து, ஷிப்டு முடிந்து என் பைக்கில் பின்னால் ஏறினார். வண்டி அமுங்கியது.

"என்னாடா, கெளம்பு."

நான் உடனே கிளம்பவில்லை. அந்தக் கனம் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று அப்படியே நின்றேன்.